சிம் சின்னதாகலாம்... நம்பர் கைவிட்டுப் போகக் கூடாது!

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் பழத்தின் வாசனைக்கு அடுத்தபடியாக நிறைந்திருப்பது போன் சத்தம்தான். ‘இன்னிக்கு கிலோ என்ன விலை போகுது?’ என்று கேரளாவிலிருந்து ஒரு குரல். ‘லோடு கிளம்பியாச்சா?’ என்று இன்னொரு குரல். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில் இருக்கும் இந்த ஊருக்கு ‘எலுமிச்சை நகரம்’ என்றே செல்லப்பெயர். நாளுக்கொரு விலையாக ஏறி இறங்கும் சரக்கு இது. போன் ஒரு நாள் ஊமையானால், அன்றைய வியாபாரமும் ஊமைதான்.

இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் இப்படி ஒரு பெரியவரைப் பார்க்கலாம். சட்டைப்பையில் பட்டன் போன். பத்துப் பதினைந்து வருடங்களாக ஒரே நம்பர். கமிஷன் கடைக்காரர், லாரி டிரைவர், பம்ப்செட் மெக்கானிக், வங்கி, கேஸ் ஏஜென்சி என எல்லோரிடமும் இருப்பது அந்த ஒரே நம்பர்தான். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் லீவுக்கு வரும்போது ஒரு ஸ்மார்ட்போன் வாங்கி வருகிறான். “இனிமே பேரனை வீடியோ கால்ல பார்க்கலாம்ப்பா” என்கிறான். பெரியவருக்கும் ஆசைதான். பழைய போனின் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு சிம்மை உருவிப் பார்த்தால், அது கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. புதுபோனின் தட்டிலோ சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இடம்.

மறுநாள் காலையில் மொபைல் கடைக்குப் போகிறார்கள். கடைப் பையன் சிம்மைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்கிறான். “அண்ணாச்சி, இது பழைய பெரிய சிம்மு. புது போன்ல நுழையாது. வெட்டித் தரவா, இல்ல மாத்தித் தரவா?”

கேட்பதற்கு இரண்டு நிமிட வேலை போலத்தான் இருக்கிறது. ஆனால், இதற்கு யோசிக்காமல் பதில் சொன்னால் வங்கிப் பணம் முதல் கேஸ் சிலிண்டர் வரை பல காரியங்கள் ஒரே நாளில் முடங்கிப்போகலாம். சில வீடுகளில் நம்பரே கைவிட்டுப் போகலாம். அதனால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

சுருங்கியது பிளாஸ்டிக்தான்!

முதன்முதலில் வந்த சிம் கார்டு இன்றைய ஏ.டி.எம் கார்டு அளவுக்கு இருந்தது என்றால் இளைய தலைமுறை நம்பாது. 1991-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த கீசெக் அண்டு டெவ்ரியன்ட் என்ற நிறுவனம் அதைத் தயாரித்தது. முதல் 300 கார்டுகள் ஃபின்லாந்தின் ரேடியோலிஞ்சா நிறுவனத்துக்குப் போயின. நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் 54 மில்லிமீட்டர். அன்றைய செங்கல் போன்களில் அந்த முழு கார்டையும் செருக வேண்டியிருந்தது.

போன் சிறுத்தபோது கார்டும் சிறுத்தது. அடுத்து வந்தது 25-க்கு 15 மில்லிமீட்டர் அளவுள்ள ‘மினி சிம்’. பெரும்பாலான நம் ஊர்க்காரர்கள் வாழ்க்கையில் முதன்முதலாகக் கையில் வாங்கிய சிம் இதுதான். பட்டன் போன் சிம் என்று இன்று நாம் சொல்வதும் இதையே. 2010-ல் ஐபோன் 4 வந்தபோது 15-க்கு 12 மில்லிமீட்டர் ‘மைக்ரோ சிம்’ பிரபலமானது. 2012-ல் ஐபோன் 5-உடன் வந்தது 12.3-க்கு 8.8 மில்லிமீட்டர் ‘நானோ சிம்’. இன்று கடையில் வாங்கும் ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட்போன்களிலும் நுழைவது இந்த நானோதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கார்டு இத்தனை முறை சுருங்கியும், உள்ளே இருக்கும் சிப்பின் வேலையும் தங்க நிறத் தகட்டின் தொடுபுள்ளிகள் இருக்கும் இடமும் மாறவே இல்லை. குறைந்ததெல்லாம் சுற்றியிருந்த பிளாஸ்டிக். ‘அப்படியென்றால் பிளாஸ்டிக்கை வெட்டி எறிந்தால் போதுமே’ என்ற யோசனை பிறந்ததும் இங்கேதான்.

கத்திரிக்கோல் ஏன் வேண்டாம்?

ஸ்டேப்ளர் போல இருக்கும் சிம் கட்டர் இல்லாத மொபைல் கடையே ஒரு காலத்தில் இருந்ததில்லை. மினி சிம்மை மைக்ரோவாக வெட்டுவதில் பெரிய ஆபத்து இருக்கவில்லை. நானோ விஷயத்தில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, கனம். பழைய சிம் 0.76 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. நானோ 0.67 மில்லிமீட்டர்தான். வித்தியாசம் ஒரு காகிதத்தின் கனம் அளவுக்கே இருந்தாலும், வெட்டிய சிம் தட்டில் இறுகி மாட்டிக்கொள்ள அது போதும். பலவந்தமாக இழுத்தால் உள்ளே இருக்கும் ஊசி போன்ற பின்கள் வளைந்துவிடும். சிம்மைக் காப்பாற்றப் போய் புது போனை சர்வீஸ் சென்டருக்குத் தூக்க வேண்டி வரும்.

இரண்டாவது, தகடு. பழைய சிம்கள் சிலவற்றில் தங்க நிறத் தகடு நானோ அளவைவிடப் பெரியது. வெட்டும்போது கத்தி தகட்டின் மேலேயே இறங்கும். அரை மில்லிமீட்டர் தவறினால் சிம் போய்விடும்.

மூன்றாவதுதான் முக்கியம். 2ஜி காலத்தில் வாங்கிய சிம்மை எவ்வளவு நேர்த்தியாக வெட்டி நுழைத்தாலும் 4ஜி கிடைக்காது. 4ஜி நெட்வொர்க் கேட்கும் அடையாளச் சோதனைக்கு அந்தப் பழைய சிப்புக்குப் பதில் சொல்லத் தெரியாது. பேரனைப் பார்க்க ஸ்மார்ட்போன் வாங்கிவிட்டு, வீடியோ கால் சுற்றிக்கொண்டே நிற்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆக, கடைப் பையனின் கேள்விக்குச் சரியான பதில், “வெட்ட வேண்டாம் தம்பி, மாத்தியே கொடு” என்பதுதான். ஆனால், அதையும் அந்த நிமிடமே சொல்லிவிடக் கூடாது. ஏன் என்பது, சிம்முக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் விளங்கும்.

சாவி சிம்மில்... பூட்டு கம்பெனியில்!

சிம்முக்குள் உங்கள் போன் நம்பர்தான் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் அங்கே இருப்பது வேறொரு அடையாள எண்ணும், ஒரு ரகசியச் சாவியும். அதே சாவியின் நகல் போன் கம்பெனியின் கணினியில் இருக்கும். போனை ஆன் செய்ததும் கம்பெனி ஒரு புதிர் அனுப்பும். சிம் தன் சாவியை வைத்துக் கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்பும். விடை ஒத்துப்போனால் டவர் கிடைக்கும். சாவி ஒருபோதும் சிம்மை விட்டு வெளியே வராது. அதனால்தான் பழைய சிம்மில் இருப்பதை அப்படியே புது சிம்முக்கு நகல் எடுத்துத் தர கடைக்காரரால் முடிவதில்லை.

சிம் மாற்றும்போது நடப்பது இதுதான்: கம்பெனி தன் கணினியில், ‘இந்த போன் நம்பர் இனி அந்தப் பழைய சிம்முக்கு இல்லை, இந்தப் புது சிம்முக்கு’ என்று எழுதிக்கொள்கிறது. அந்த நொடியில் பழைய சிம் வெறும் பிளாஸ்டிக் துண்டாகிவிடும். புது சிம் யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அந்த நம்பரின் சொந்தக்காரர்.

வங்கியின் ஓ.டி.பி, ஆதார் ஓ.டி.பி, கேஸ் சிலிண்டர் டெலிவரிக்குச் சொல்ல வேண்டிய எண், மகளிர் உரிமைத் தொகை வரவு வைக்கப்பட்டது என்ற மெசேஜ், ரேஷன் கடையில் பொருள் வாங்கியதாக வரும் தகவல் என எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வருகின்றன. வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கிறது. ஆனால், வங்கிக் கணக்கின் சாவி சட்டைப்பையில் இருக்கிறது. அதை மாற்றப்போகும்போது அவசரம் கூடாது.

முதல் கேள்வி: சிம் யார் பெயரில் இருக்கிறது?

பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். “என் நம்பர்தான், என் பேர்லதான் இருக்கும்” என்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்தக் காலத்துல எங்க அண்ணன்தான் வாங்கித் தந்தாரு” என்பார். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு சிம் வாங்கியது ஒரு ஜெராக்ஸும் ஒரு போட்டோவும் கொடுத்து. யாருடைய ரேஷன் கார்டு கைக்கு எட்டியதோ, அது போனது. அண்ணன் பெயரில் தம்பியின் சிம், மருமகன் பெயரில் மாமியாரின் சிம், கணவர் பெயரில் மனைவியின் சிம் என்று எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன. ரீசார்ஜ் செய்யும்வரை யாரும் பெயர் கேட்பதில்லை. சிம் மாற்றும் அன்றுதான் கேட்பார்கள்.

இப்போது விதிமுறை கடுமையாகியிருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் காகிதப் படிவம் நிரப்பும் முறை நிறுத்தப்பட்டு, எல்லாம் டிஜிட்டல் சரிபார்ப்பாகிவிட்டது. சிம் மாற்றவும் யார் பெயரில் இணைப்பு இருக்கிறதோ அவரே நேரில் வந்து, தன் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பீடி சுற்றியும் மண்ணில் உழைத்தும் கைரேகை தேய்ந்துபோனவர்கள் கலங்க வேண்டாம். கருவிழி, முகம் மூலமும் சரிபார்க்க விதியில் இடமிருக்கிறது. ஒரு கடையில் வசதி இல்லையென்றால், கம்பெனியின் நேரடி ஷோரூமில் கேட்கலாம்.

இணைப்பு அண்ணன் பெயரில் இருந்தால் என்ன செய்வது? அண்ணனை அழைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போய், முதலில் பெயர் மாற்றம் செய்துகொள்வதுதான் நிரந்தரத் தீர்வு. வாசுதேவநல்லூரில் இருக்கும் அண்ணனை ஒரு நாள் வரச்சொல்லி, இரண்டு பேரும் ஆதார் கார்டோடு போனால் வேலை முடியும். ‘இப்போதைக்கு அண்ணன் பெயரிலேயே மாற்றிக்கொள்வோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டால், அந்தப் ‘பிறகு’ வருவதற்குள் வயதும் உடல்நலமும் காத்திருக்காது.

கணவர் இறந்த பிறகும் அவர் பெயரிலேயே ஓடும் நம்பரை வைத்திருக்கும் பெண்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த சிம் பழுதானாலோ தொலைந்தாலோ, மாற்று சிம் வாங்க உரியவர் இல்லை. இறப்புச் சான்றிதழ், உறவுமுறையைக் காட்டும் ஆவணம், ஆதார் ஆகியவற்றோடு ஷோரூமில் விண்ணப்பித்து, சிம் நன்றாக இருக்கும்போதே தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது நல்லது. வேறு ஆவணம் ஏதும் தேவையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் இரண்டாவது அலைச்சல் மிச்சம்.

கடையநல்லூர், தென்காசி, புளியங்குடி பக்கமிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களின் வீடுகளில் இன்னொரு கதை. மகன் துபாயில் இருப்பான். அவன் பெயரிலான சிம் அம்மாவின் போனில் இருக்கும். மாற்ற வேண்டுமென்றால் மகன் நேரில் வர வேண்டும். அவன் விடுமுறையில் வரும் நாள்களிலேயே இந்த வேலையையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் நம்பரையும், வரும் ஓ.டி.பி-யையும் கொடுத்தால் பட்டியல் வரும். தெரியாத நம்பர் இருந்தால், ‘இது என் நம்பர் அல்ல’ என்று அங்கேயே புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 இணைப்புகள்தான் இருக்கலாம். இதற்கு ஓ.டி.பி தேவை என்பதால், சிம் மாற்றும் முன்பே பார்த்துவிடுங்கள்.

நோட்டும் பேனாவும் எடுங்கள்

பெயர் சரியாக இருக்கிறது. இனி கிளம்பலாமா? இன்னும் ஒரு வேலை பாக்கி.

பட்டன் போனில் சேமித்த நம்பர்கள் பலவும் போனில் இல்லை, சிம்மில் இருக்கும். சாதாரணமாக ஒரு சிம்மில் 250 நம்பர்கள் வரை கொள்ளும். சிம்மைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தால், பத்து வருடத் தொடர்புகளும் அதோடு போகும். புது சிம் காலியாகத்தான் வரும்.

பட்டன் போனின் மெனுவில், சிம்மில் இருப்பதை போனுக்கு நகலெடுக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். அதை முதலில் செய்யுங்கள். ப்ளூடூத் உள்ள போனாக இருந்தால் அங்கிருந்து ஸ்மார்ட்போனுக்கு அனுப்பலாம். எதுவும் முடியவில்லையா? ஒரு நோட்டில் எழுதுவதைவிடச் சிறந்த வழி இல்லை. மகனோ பேத்தியோ பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதலாம். ‘லாரி 2’ யார், ‘மோட்டார் புதுசு’ யார், ‘கோட்டயம் கடை’ எது என்று பெரியவருக்கு மட்டும்தான் தெரியும். நடுவில், இறந்துபோன ஒரு கூட்டாளியின் பெயர் வரும். ‘இது வேண்டாமா தாத்தா?’ என்று பேத்தி கேட்பாள். ‘இருக்கட்டும், எழுது’ என்பார்.

எழுதிய நம்பர்களை ஸ்மார்ட்போனில் ஏற்றும்போது சிம்மில் சேமிக்காமல், கூகுள் கணக்கில் சேமியுங்கள். அடுத்த முறை சிம் மாறினாலும் போன் தொலைந்தாலும் பெயர்கள் பத்திரமாக இருக்கும். பழைய சிம்மில் முக்கியமான எஸ்.எம்.எஸ் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த 24 மணி நேரம்!

பலருக்கும் தெரியாத விதி ஒன்று உண்டு. சிம் மாற்றிய பிறகு முதல் 24 மணி நேரத்துக்கு அந்த நம்பரில் எஸ்.எம்.எஸ் வராது, போகாது. தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவு இது. போன் பேசலாம், இன்டர்நெட் பார்க்கலாம். ஆனால், எஸ்.எம்.எஸ் மட்டும் கிடையாது.

எஸ்.எம்.எஸ் இல்லையென்றால் ஓ.டி.பி இல்லை. வங்கியிலிருந்து பணம் அனுப்ப முடியாது. ஆதார் சரிபார்க்க முடியாது. புது போனில் ஜிபே, போன்பே போன்ற யு.பி.ஐ ஆப்களைத் தொடங்கவும் முடியாது. ஏனென்றால், அந்த ஆப்கள் உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ் அனுப்பித்தான் ‘இது இவருடைய நம்பர்தான்’ என்று உறுதிசெய்கின்றன. 24 மணி நேரம் கழித்துத் தொடங்கினாலும், புது போன் என்பதால் முதல் நாளில் குறைந்த தொகைதான் அனுப்ப முடியும்.

இதை அறியாமல், பழம் கொடுத்தவர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்ய வேண்டிய நாளில் சிம் மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கணக்கில் பணம் இருக்கும். கையில் புது போன் இருக்கும். அனுப்பத்தான் முடியாது. விவசாயி எதிரில் நின்றுகொண்டிருப்பார்.

எனவே, சிம் மாற்றுவதற்கு நாள் பார்க்க வேண்டும். ஜோசியர் பார்க்கும் நாள் அல்ல, வரவு செலவு இல்லாத நாள். கடன் தவணை, சிலிண்டர், ரயில் டிக்கெட், கல்லூரிக் கட்டணம், மருத்துவமனை அட்மிஷன் எதுவும் அடுத்த இரண்டு நாள்களில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் செலவுக்கு ரொக்கம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்ப் பயணத்துக்கு முந்தைய நாள் மாற்றவே வேண்டாம்.

வாட்ஸ்அப்பை மட்டும் அன்றே தொடங்கிவிடலாம். எஸ்.எம்.எஸ் மூலம் எண் வராவிட்டாலும், ‘போன் கால் மூலம் சொல்’ என்ற வசதியைத் தேர்ந்தெடுத்தால் குரலில் எண்ணைச் சொல்லிவிடும். பேரனைப் பார்க்க 24 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை.

தொந்தரவு அல்ல... காவல்!

‘என் நம்பருக்கு எஸ்.எம்.எஸ் நிறுத்த இவர்கள் யார்?’ என்று கோபம் வரலாம். ஆனால், இந்த விதி வந்ததே நம்மைப் போன்றவர்களின் பணத்தைக் காப்பாற்றத்தான்.

‘சிம் ஸ்வாப்’ என்றொரு மோசடி உண்டு. திருடன் போலி ஆவணம் காட்டி, அல்லது உங்களிடமே நைசாகப் பேசி, உங்கள் நம்பருக்கு இன்னொரு சிம் வாங்கிவிடுவான். உங்கள் சிம் செத்துவிடும். ஓ.டி.பி எல்லாம் அவனுக்குப் போகும். ‘டவர் இல்லைபோல’ என்று நீங்கள் சும்மா இருக்கும் நேரத்தில் கணக்கு காலியாகியிருக்கும். எஸ்.எம்.எஸ்-ஸை 24 மணி நேரம் நிறுத்தி வைத்தால், திருடன் கையில் சிம் இருந்தும் பயனில்லை. உரியவர் விழித்துக்கொள்ள ஒரு நாள் அவகாசம் கிடைக்கிறது.

அதேபோல 2024 ஜூலை 1 முதல் இன்னொரு காவலும் வந்திருக்கிறது. தொலைந்த அல்லது பழுதான சிம்முக்குப் பதிலாகப் புது சிம் வாங்கினால், 7 நாள்களுக்கு அந்த நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதி இது.

காவல் இருந்தாலும் கதவைத் திறந்துவிடுவது நாமாக இருக்கக் கூடாது. ‘உங்கள் சிம்மை 4ஜியிலிருந்து 5ஜிக்கு மாற்றித் தருகிறோம், சிம்மின் பின்னால் இருக்கும் நீளமான எண்ணைச் சொல்லுங்கள்’ என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். ‘இந்த மெசேஜை அனுப்புங்கள்’, ‘1-ஐ அழுத்துங்கள்’, ‘இந்த லிங்க்கைத் தொடுங்கள்’ என்பதெல்லாம் அதே வலைதான். நீங்கள் கேட்காமலேயே ‘சிம் மாற்றக் கோரிக்கை வந்திருக்கிறது’ என்று தகவல் வந்தால், உடனே கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குச் சொல்லித் தடுத்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டில் அதே கம்பெனி சிம்முக்கு டவர் இருந்து, உங்கள் போனில் மட்டும் மணிக்கணக்கில் இல்லையென்றால் சும்மா இருக்காதீர்கள். வேறொரு போனிலிருந்து கம்பெனியை அழைத்து சிம்மை முடக்குங்கள். வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தி வையுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே மடக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.

ஏர்செல் சொன்ன பாடம்

நம்பர் கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. 1999-ல் இங்கே தொடங்கி, கிராமம் கிராமமாகப் பரவிய ஏர்செல், 2018 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. டவர்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்ற வேண்டுமென்றால் 1900 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ் அனுப்பி ஒரு குறியீட்டு எண் வாங்க வேண்டும். டவரே இல்லாதபோது எஸ்.எம்.எஸ் எப்படிப் போகும்? மொட்டை மாடியிலும் ரோட்டு ஓரத்திலும் போனை உயர்த்திப் பிடித்து சிக்னல் தேடியவர்கள் எத்தனையோ பேர்.

நம்பரை இழந்தவர்களுக்கு அடுத்த வேலை, வங்கிக்கும் ஆதார் மையத்துக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் அலைவது. அன்று ஆதாரில் நம்பர் மாற்ற நேரில்தான் போக வேண்டியிருந்தது. சிம் நல்ல நிலையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்பதை அந்த மாதம் கற்றுத் தந்தது.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். பயன்படுத்தாமலும் ரீசார்ஜ் செய்யாமலும் 90 நாள்கள் கடந்தால் நம்பரை கம்பெனி நிறுத்திவிடலாம். பிறகு அது வேறு ஒருவருக்குப் போகும். ‘ஸ்மார்ட்போனுக்குப் புது நம்பரே வாங்கிக்கலாம், பழசு கிடக்கட்டும்’ என்று நினைப்பவர்கள், வங்கியிலும் ஆதாரிலும் நம்பரை மாற்றிவிட்டுத்தான் பழையதை விட வேண்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

கம்பெனியின் ஷோரூம் அல்லது அங்கீகாரம் பெற்ற கடைக்கே போங்கள். அசல் ஆதார், பழைய சிம் இரண்டும் கையில் இருக்கட்டும். விரல் வைக்கச் சொன்னால், எதற்காக என்று கேட்டுவிட்டு வையுங்கள். ‘சரியா பதியல, இன்னொரு தடவை வைங்க’ என்று மீண்டும் மீண்டும் கேட்டால் காரணம் கேளுங்கள். ஒருவருடைய ரேகையை வைத்து அவருக்கே தெரியாமல் இன்னொரு சிம் எடுக்கும் மோசடியும் உண்டு. சந்தேகம் இருந்தால் சில நாள் கழித்து சஞ்சார் சாத்தியில் ஒருமுறை பார்த்துவிடலாம்.

இப்போது தரும் சிம் கார்டுகளில் மூன்று அளவுக்கும் உடைக்கும் கோடு இருக்கும். நானோ அளவுக்கு உடைத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கி எறியாதீர்கள். என்றாவது ஸ்மார்ட்போன் பழுதாகி, பட்டன் போனுக்குத் திரும்ப வேண்டி வந்தால், சிம்மை அந்தச் சட்டத்துக்குள் வைத்துச் செருகலாம். ஆனால், காலிச் சட்டத்தை மட்டும் போனுக்குள் நுழைத்துப் பார்க்கக் கூடாது. உள்ளிருக்கும் பின்களில் மாட்டிக்கொள்ளும்.

புது சிம்முக்கு டவர் வந்த பிறகுதான் பழையதை அழிக்க வேண்டும். பழைய சிம்மில் டவர் போய், புதியதில் வர சிறிது நேரம் பிடிக்கும். அதுவரை பொறுமையாக இருங்கள்.

அடுத்து... சிம்மே இல்லாத போன்!

‘சிம் இதற்கு மேலும் சுருங்குமா?’ என்றால், இனி கார்டே இருக்காது. ‘இ-சிம்’ என்பது போனுக்குள்ளேயே பதிக்கப்பட்ட சிப். கம்பெனி தன் விவரங்களை இன்டர்நெட் வழியாக அதில் ஏற்றிவிடும். அமெரிக்காவில் 2022 முதலே ஐபோன்கள் சிம் தட்டு இல்லாமல் விற்கப்படுகின்றன. இந்தியாவிலும் ஜியோ, ஏர்டெல், வி.ஐ ஆகியவை இ-சிம் தருகின்றன.

வெட்டவும் வேண்டாம், தொலையவும் செய்யாது. ஆனால், போன் உடைந்தால் சிம்மை உருவி வேறு போனில் போட முடியாது. அடிக்கடி போன் மாற்றுபவர்களும், அவசரத்துக்குப் பட்டன் போனைக் கையில் வைத்திருப்பவர்களும் இப்போதைக்குக் கார்டு சிம்மிலேயே இருப்பது வசதி. எந்த வடிவத்தில் வந்தாலும், நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் மாறாது.

புளியங்குடிப் பெரியவர் அன்று கடையில் சிம்மை வெட்டவும் இல்லை, மாற்றவும் இல்லை. “ரெண்டு நாள் கழிச்சு வாரேன் தம்பி” என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தால், அதுதான் புத்திசாலித்தனம். அந்த இரண்டு நாளில் நோட்டில் நம்பர்கள் ஏறும். கொடுக்க வேண்டிய பணம் கொடுத்து முடியும். வாசுதேவநல்லூரிலிருந்து அண்ணன் பஸ் ஏறி வருவார். இரண்டு பேரும் சேர்ந்து ஷோரூமுக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் ஒரு டீ குடிப்பார்கள். தம்பியின் பெயரில், தம்பியின் முகத்தைப் பார்த்து, அதே பழைய நம்பர் புது போனில் ஒலிக்கும்.

முதல் அழைப்பு கேரளாவிலிருந்துதான் வரும். “சேட்டா, இன்னிக்கு என்ன விலை?”